வெள்ளிக்கிழமை உப்பு

யக்கா, செத்த நகந்து உக்காருங்க. ஜன்னலோரம் நீங்களே இருந்துக்கிடுங்க, எனக்குக் காத்து அடிச்சா தலை வலிக்கும். இந்தப் பைய மட்டும் நமக்கு நடுவுல வச்சுக்கிடுதேன். மேல போடச் சொன்னான் கண்டக்டர் தம்பி, நான் மாட்டேன்னுட்டேன். வண்டி குலுங்குத குலுக்குல உள்ள இருக்கது கிழிஞ்சி கொட்டிச்சின்னா நான் எங்க போயி முட்டுவேன்? உங்க மேல இடிக்கா? இடிச்சா சொல்லிருங்க.

பனைவிளைக்கு ரோடு பிரியுத விலக்கு எப்பம் வரும்? நாசரேத்து தாண்டுனவொடனயா? ஏ தம்பி, பனைவிளை விலக்கு வந்தா சொல்லுப்பா. பாருங்க, மூஞ்சியத் திருப்பிக்கிடுதான். ஏறுனதுல இருந்து இதையே கேக்கேனாம். கேட்டா என்ன, அவன் வாய் தேஞ்சா போவும்? மவன் கல்யாணத்தப்பம் வேன்ல வந்தது. பெறவு வரல. எனக்கு எப்பிடி அடையாளம் தெரியும்?

மருமவளக் கூப்பிடப் போறேன். என் மவன் திருமணி பொண்டாட்டி, பொன்மலருன்னு பேரு. உண்டாயிருக்கா. ஏழாம் மாசம் பொறக்கப் போவுது. மாமியா வீட்ல வச்சு வளைகாப்பு போட்டு, பெறவுல்லா ஆத்தா வீட்டுக்கு அனுப்பணும்? இவ நாலாம் மாசமே பொட்டியக் கட்டிட்டு ஆத்தா வீட்ல போயி உக்காந்துட்டா. எதுக்குன்னு கேளுங்க. நீங்க கேக்க மாட்டிய, நானே சொல்லுதேன். உப்புக்கு! உப்புக்காவ ஒருத்தி புருசன் வீட்ட விட்டுப் போவாளா? எங்கயாவது கேட்டிருக்கியளா நீங்க?

அதுவும் எந்த ஊருல? எங்க ஊரு தூத்துக்குடிப் பக்கம், அளத்து ஊரு. வாசல்ல நின்னா கண்ணுக்கு எட்டுன மட்டும் உப்புப் பாத்திதான். எம்பேரு சுயம்புக்கனி. எங்க வீட்டுக்காரரு காலம் பூரா உப்பு வாரித்தான் போய்ச் சேந்தாரு. நானும் வாரினேன். இப்பம் முட்டி ஒத்துழைக்கல, மூட்ட தைக்க மட்டும் போறேன். வருசா வருசம் மொத உப்பு வாருத அன்னைக்கி ஒரு ஓலப்பொட்டி உப்ப வீட்டுக்குக் கொண்டாந்து, பான நெறயத் தட்டி, ஒரு மஞ்சக் கெழங்கப் போட்டு மூடி வச்சிருவோம். வருசம் பூரா அதான் கொழம்புக்கும் கஞ்சிக்கும். எங்க தெருவுல எல்லா வீட்லயும் அப்பிடித்தான். கடையில போயி காசு குடுத்து உப்பு வாங்குனா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

உப்பு லச்சுமில்லா? உங்க வீட்லயும் இந்தப் பழக்கம் இருக்கும். வெள்ளிக்கிழம உப்பு வீட்ட விட்டு வெளிய போவக் கூடாது. எந்தக் கிழமையானாலும் கைக்குக் கை குடுக்கக் கூடாது. கீழ வைக்கணும், அவிய எடுத்துக்கிடணும். நான் கட்டி வந்த நாள்ல இருந்து ஒரு தடவகூட இத மீறுனது கெடையாது.

என்ன, என் கழுத்தப் பாக்கிய? எல்லாரும்தான் பாப்பாவ. இப்பிடிக் கழுத்து முன்னால தெரண்டு நிக்கது எங்க குடும்பத்து வாகு, யக்கா. எங்க அம்மைக்கு இதவிட நெறஞ்சு இருக்கும், சங்கிலி போட்டா எடுப்பா நிக்கும். எங்க சின்னம்மைக்கும் உண்டு. வலியும் கெடையாது ஒண்ணும் கெடையாது. இன்னொண்ணு சொன்னா ஆச்சரியப்படுவிய. என் மருமவளுக்கும் வந்துட்டு! எங்க ரத்தமா அவ? எங்கயோ தேரிக்காட்டுல பொறந்தவ. வரும்போது கழுத்து குச்சியா இருந்துச்சு. ரெண்டு வருசம் எங்க வீட்டுச் சோத்தத் தின்னா, அப்பிடியே எங்க சாயல் வந்துட்டு. கோயில்ல ஒருத்தி கேட்டா, "இது உங்க மவளா?"ன்னு. "மருமவ"ன்னேன். நம்ப மாட்டேன்னுட்டா. எனக்குப் பொம்பளப் பிள்ள கெடையாது. அன்னைக்கி எம்புட்டு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? வீட்டுக்கு வந்து அவளுக்குச் சுத்திப் போட்டேன், நானே கண்ணு வச்சிருப்பேன்னு.

இது எந்த ஊரு, குரும்பூரா? இன்னும் வரலியா? சரி சரி.

மொதப் பிள்ள தங்கல யக்கா. தங்கலன்னா, ஏழு மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நா, "அத்த, காலையில இருந்து பிள்ள அசையலியே"ன்னு வந்து நின்னா. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். ஆம்பளப் பிள்ள. தலையில முடியெல்லாம் இருந்துச்சு. திருமணி வாங்க மாட்டேன்னு செவுத்தோட செவுறா நின்னுட்டான். நான்தான் வாங்குனேன், இந்தக் கையிலதான். எதுத்த வீட்டு லிங்கக்கனிக்குப் பொல்லாத கண்ணு. அவ வந்து, "வயிறு எறங்கி இருக்கே, ஆம்பளப் பிள்ளதான்"ன்னு சொல்லிட்டுப் போனா, ரெண்டாம் நாளு இப்பிடி ஆயிட்டு. வேற என்ன காரணம் இருக்க முடியும்? சொல்லுங்க. வேற ஒண்ணும் இல்ல.

தண்ணி இருக்கா? ஒரு மடக்கு குடுங்க. அண்ணாந்துதான் குடிப்பேன், வாய் வைக்க மாட்டேன்.

பெறவு ஒரு வருசத்துல மறுபடி உண்டானா. மூணாம் மாசம் நடக்கும்போதுதான் அந்தக் கூட்டம் வந்துச்சு. பெரிய ஆசுபத்திரியில இருந்து வந்திருக்கோம்னு ஒரு வெள்ளக் காரு, மெர்லின்னு ஒரு டாக்டரம்மா, கூட படிக்கிற பிள்ளையளு நாலு பேரு. மாசமா இருக்க பொம்பளையளுக்கு ஒடம்புல அயோடின் எம்புட்டு இருக்குன்னு பாக்காவளாம். "அயோடின்னா புண்ணுல தடவுத மருந்துல்லா, அது வயித்துப் பிள்ளைக்கு எதுக்கு?"ன்னு கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கல, நல்லவதான். "இல்லம்மா, அது ஒரு சத்து. பிள்ளைக்கு மூளை வளரதுக்கு வேணும். மாசமா இருக்கும்போது கூடுதலா வேணும். அதத்தான் பாக்கெட்டு உப்புல கலந்து விக்காங்க"ன்னா. எங்க ஊரு உப்புல என்ன கொறைன்னு கேக்க வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். வெள்ளக் கோட்டு போட்டவியட்ட எதுக்கு வம்பு?

சோதிக்கதுக்கு ரெண்டு சாமான் வேணும்னாவ. ஒண்ணு, பிள்ளத்தாச்சியோட ஒண்ணுக்கு. ஆளுக்கொரு குப்பி குடுத்தாவ, பேரு ஒட்டி. இவளுவ வெக்கப்பட்டுக்கிட்டே புடிச்சுக் குடுத்தாளுவ. அத ஐஸ் பொட்டிக்குள்ள அடுக்கிக் கொண்டு போறாவ! ஐஸ் பொட்டியில மீனு போயித்தான் நான் பாத்திருக்கேன். சிரிப்பு தாங்கல எனக்கு.

இன்னொண்ணு, வீட்ல பொழங்குத உப்பு, ஒரு கரண்டி. அதான் எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. அன்னைக்கி வெள்ளிக்கிழம! வயித்துல பிள்ளைய வச்சிருக்க வீட்ல இருந்து, வெள்ளியும் அதுவுமா, முன்னப்பின்ன தெரியாத ஆளு கையில உப்பு போறதா? ஏற்கெனவே ஒண்ணப் பறிகுடுத்த வீடு. மாட்டேன்னு சொன்னாலும் மரியாத இல்ல. அம்புட்டு தூரம் வெயில்ல வந்திருக்காவ. எனக்கு ஒரு யோசன வந்துச்சு. "செத்த இருங்க தாயி, கொண்டாரேன்"னு கொல்லப்பக்கமா எறங்கி, தெரு முக்குல அண்ணாச்சி கடையில ஒரு பாக்கெட்டு உப்பு வாங்கி, ஒரு கிண்ணத்துல தட்டிக் கொண்டாந்து வச்சிட்டேன். அது நம்ம வீட்டு உப்பு இல்லல்லா? போனா நமக்கு என்ன? எனக்குத் தோணுனத மத்தவளுவளுக்கும் சொன்னேன். "ஏட்டி, பானையத் தொடாதிய, அண்ணாச்சி கடைக்கு ஓடுங்க"ன்னேன். தெருவே ஓடுச்சு. அண்ணாச்சிகிட்ட உப்பு பாக்கெட்டு தீந்தே போச்சு. "என்ன, ஊருல உப்பு வெளையலியா?"ன்னு அவரு கேக்காரு.

அந்தப் பிள்ளையளு ஒரு சின்னக் குப்பியில இருந்து உப்பு மேல ஒரு சொட்டு விடுதாவ. அயோடின் இருக்க உப்புன்னா ஊதாவா மாறுமாம். விட்டவொடன மாறுது. எல்லா வீட்டு உப்பும் ஊதா! டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. "அளத்து ஊர்ல இப்பிடி எல்லாரும் பாக்கெட்டு உப்பு பொழங்குவீங்கன்னு நான் நெனக்கவே இல்ல. ரொம்ப நல்ல ஊரு"ன்னு கைதட்டச் சொன்னா. நாங்களும் தட்டுனோம். என்ன தப்பு? அவியளுக்கும் மனசு நெறஞ்சு போச்சு, எங்க வீட்டு லச்சுமியும் வீட்டுக்குள்ளயே இருந்துட்டா. பொன்மலரு மட்டும் அடுப்படி நடையில நின்னு என்னயே பாத்துக்கிட்டு நின்னா. "என்னட்டி?"ன்னேன். "ஒண்ணுமில்ல அத்த"ன்னா.

நீங்க தூங்கலியே? கண்ண மூடுன மாதிரி இருந்துச்சு. இல்லயா, சரி. கொஞ்சம் இந்தப் பையப் பாத்துக்கிடுங்க, நான் காலு மாத்தி உக்காந்துக்கிடுதேன்.

ஒரு மாசம் போயிருக்கும். அந்தக் காரு மறுபடி வருது. பால்வாடியில எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சாவ. டாக்டரம்மா மொகத்துல சிரிப்பு இல்ல. "உங்க ஊரு உப்பெல்லாம் நல்லாருக்கு. ஆனா ஒண்ணுக்குல அயோடின் ரொம்பக் கொறச்சலா இருக்கு. நாங்க பாத்ததுலயே உங்க ஊருதான் மோசம். எங்களுக்குப் பிடிபடல. உண்மையாவே என்ன உப்பும்மா போடுதீங்க சமையலுக்கு?"ன்னு கேட்டா. நாங்க எல்லாரும் ஒரே குரல்ல, "பாக்கெட்டு உப்பு!"ன்னோம். பின்ன என்ன சொல்ல? ஒரு மட்டம் சொல்லியாச்சு, மாத்திச் சொன்னா நல்லாருக்குமா? அவ பாவம், கூட வந்த பிள்ளையளுகிட்ட, தண்ணியில கோளாறா, வேற எதுலயும் கோளாறான்னு என்னமோ குழம்பிக்கிட்டு இருந்தா. அந்தாக்குல அப்பிடியே போயிருப்பா. இன்னும் பத்து நிமிசத்துல கார்ல ஏறியிருப்பா.

அப்பம்தான் இந்தப் புண்ணியவதி எந்திரிச்சா. பால்வாடிக்கும் எங்க வீட்டுக்கும் நாலு எட்டு. விறுவிறுன்னு போனா. நான் தண்ணி குடிக்கப் போறான்னு நெனச்சேன். திரும்பி வரும்போது ரெண்டு கையிலயும் உப்பு, யக்கா! பானையில இருந்து அள்ளிட்டு வந்திருக்கா. வெளக்கு வைக்குத நேரம். கிழம என்னன்னு நெனைக்கிய? அன்னைக்கும் வெள்ளிதான்! டாக்டரம்மா கையப் பிடிச்சு, அவ உள்ளங்கையில தட்டுதா, கைக்குக் கை. "நாங்க திங்கது இதான் டாக்டர். அன்னைக்கி உங்களுக்குக் குடுத்தது கடையில வாங்குனது. என் மொதப் பிள்ள வயித்துலயே போயிட்டு. இத நல்லாப் பாத்துச் சொல்லுங்க"ன்னா.

என்னய அந்தாக்குல வெட்டிப் போட்டிருந்தாக்கூட ரத்தம் வந்திருக்காது. அம்புட்டு பேரும் என்னப் பாக்காவ. லிங்கக்கனி பாக்கா. டாக்டரம்மா ஒரு சொட்டு விட்டா. வெள்ளயா இருந்த உப்பு வெள்ளயாவே இருக்கு. இன்னொரு சொட்டு விட்டா. அப்பிடியேதான் இருக்கு. பெறவு பொன்மலரு கழுத்த வெரலால தடவிப் பாத்துட்டு, "இது எப்பம் இருந்து?"ன்னா. நான் எந்திரிச்சு, "அது ஒண்ணுமில்ல, எங்க குடும்பத்துச் சாயலு"ன்னேன். டாக்டரம்மா என் கழுத்தப் பாத்தா. பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல. ஏதாவது சொல்லித் தொலச்சிருக்கலாம்.

"ஒண்ணுக்குப் பாத்தது ஊரு நெலவரம் தெரிஞ்சுக்கிட. உனக்கு என்னன்னு சொல்ல ரத்தம் பாக்கணும்"னு கையோட கூட்டிட்டுப் போனாவ. தைராய்டு கொறச்சலாம். தெனமும் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திர. "மொதப் பிள்ளையும் இதனாலயா டாக்டர்?"னு திருமணி கேட்டிருக்கான். "உறுதியாச் சொல்ல முடியாது, இதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்"னாளாம். இத வந்து எங்கிட்ட சொல்லுதான், பெத்த மவன். இருந்திருக்கலாமாம்! அந்த வீட்ல உப்பு போட்டுச் சமைக்கது ஆரு? நான். அவளுக்கு ஒரு வேல வைக்காம, உக்கார வச்சு, நேரா நேரத்துக்குப் பொங்கிப் போட்டது ஆரு? நான்தான். அப்பம் என்ன சொல்லுதாவ? என் பேரன நான் கொன்னேன்னு சொல்லுதாவளா?

இல்ல யக்கா, நான் அழல. தூசி.

சொல்லுவாவ, ஆயிரம் சொல்லுவாவ. டாக்டரம்மா போவும்போது அந்தச் சொட்டு மருந்துக் குப்பி ஒண்ண அவகிட்டயே குடுத்துட்டுப் போனா. விளையாட்டுச் சாமான் மாதிரி இம்புட்டூண்டு இருக்கும். இவ என்னமோ தங்கத்தக் கண்ட மாதிரி பர்சுக்குள்ள பத்திரமா வச்சுக்கிட்டா. அன்னையில இருந்து அண்ணாச்சி கடை உப்ப வாங்கி அடுப்படியில கொண்டு வைக்கா. நான் பாட்டுக்கு எம் பான உப்பத்தான் போட்டேன். இத்தன வருசமா போட்ட கை, மாத்தச் சொன்னா மாத்துமா? அவ பாக்கெட்ட வீணாக்கக் கூடாதேன்னு மீன் கழுவ எடுத்துக்கிட்டேன். மீன் கழுவ நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நா கொல்லையில வந்து பாத்துட்டா. ஒரு வார்த்த பேசல. சத்தம் போட்டிருந்தா நானும் நாலு சத்தம் போட்டிருப்பேன், அதோட போயிருக்கும். உள்ள போயி சேலய மடிச்சா. திருமணி பைக்க எடுத்துட்டான். வாசல்ல நின்னு, "அத்த, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. உப்பு மாறட்டும், நான் வாரேன்"ன்னா. அம்புட்டுதான். நாலாம் மாசம் போனவ.

கோவம் இல்லயாம். கோவம் இருந்தாக்கூட எனக்குத் தேவல.

வீடு எப்பிடி இருக்குன்னு நெனைக்கிய? திருமணி வேல முடிஞ்சா நேரா மாமியா வீட்டுக்குப் போயிருதான். நான் ஒத்தயில பொங்கி ஒத்தயில திங்கேன். நேத்து வச்ச கொழம்பு அப்பிடியே இருக்கு. வளைகாப்பு வீட்ல நடக்கலன்னா லிங்கக்கனிக்குக் கொண்டாட்டம். அவ கெடக்கா, அவள விடுங்க. எனக்கு அந்தப் பிள்ளைய ஒரு மட்டம் கையில வாங்கணும் யக்கா. அழுவுத பிள்ளையா வாங்கணும். போன மட்டம் வாங்குனது அழல. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்.

அதான் ஒரு வழி பண்ணிட்டேன். நீங்க யாருட்டயும் சொல்லாண்டாம். அவளுக்கு என்ன, உப்பு மாறணும், அம்புட்டுதான? மாத்திட்டேன். இந்தா, பையத் தொறந்து காட்டுதேன். பாத்தியளா, நாலு பாக்கெட்டு. அண்ணாச்சி கடையில விக்கிற அதே கவரு. "பாரு தாயி, உம் மாமியா உனக்காவ மாறிட்டா, இனி நம்ம வீட்ல இதான்"னு அவ முன்னால வச்சா மறுபேச்சு பேசாம வந்துருவா. இளகுன மனசுதான் அவளுக்கு.

ஆனா கவருதான் அது. உள்ள இருக்கது நம்ம பான உப்பு!

எப்பிடின்னு கேளுங்க. கல்லுப்பத் தண்ணியில ஒரு அலசு அலசி, மாடியில வேட்டி விரிச்சுக் காயப் போட்டு, மிக்சியில அடிச்சு, மாவுச் சல்லடையில சலிச்சு, மிக்சி பிளேடே போயிட்டு. கவர மேல நூலு புடிச்ச மாதிரி அறுத்து, உள்ள இருந்தத எடுத்துட்டு இத ரொப்பி, மெழுவுத்திரியில வாய ஒட்டிட்டேன். தொட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியுதா? கம்பெனிக்காரனே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான். அவளுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. இன்னைக்கி வெள்ளிக்கிழமதான், ஆனா இந்த உப்பு அவகூடவே வீட்டுக்குத் திரும்பிரும்லா. வீட்டுக்குள்ள லச்சுமியும் இருப்பா, மருமவளும் இருப்பா. இதவிட நல்ல வழி ஏதும் இருக்கா?

என்ன கேக்கிய?

எந்தக் குப்பி? ஓ, அந்தச் சொட்டு மருந்தா? அது எதுக்கு இப்பம்... அது அவ பர்சுக்குள்ள இருக்கும். எங்க போனாலும் பர்ச எடுத்துட்டுத்தான் போவா. ஆமா, எடுத்துட்டுத்தான் போயிருப்பா.

விட்டுப் பாப்பாளோ?

பாக்க மாட்டா யக்கா. மாமியாவே வந்து நிக்கும்போது, கவர வேற கண்ணால பாக்கும்போது, சொட்டு விட்டா பாப்பா? பாக்க மாட்டா. அப்பிடி ஒண்ணும் சந்தேகப் பிராணி இல்ல அவ. ஆனா, அன்னைக்கி ரெண்டு கையிலயும் அள்ளிட்டு வந்தவதான. என் முன்னாலயே விடுவா. நாலு பாக்கெட்டையும் பிரிச்சு விடுவா. ஒரு வார்த்த பேச மாட்டா. அப்பம் சொல்லுவா பாருங்க, கோவம் இல்லன்னு.

பெறவு நான் எத வச்சுக் கூப்பிடுவேன்?

சவம், காத்து ஏன் இப்பிடி அடிக்கு? அந்தக் கண்ணாடிய எறக்குங்க. இல்ல, வேண்டாம், இருக்கட்டும். தம்பி, விலக்கு வந்துட்டா? அடுத்ததா? அதுக்குள்ளயா?

திருமணிட்ட போன்ல சொன்னேன், நான் வாரேன்னு. "வாங்கம்மா, அவளும் வரச் சொன்னா"ன்னான். வரச் சொன்னாளாம். எனக்காவ கத்தரிக்காயச் சுண்ட வதக்கி வைக்காளாம். எனக்குப் பிடிக்கும்னு அவளுக்குத் தெரியும்.

யக்கா, குனிஞ்சு பாருங்க, அந்த வேப்ப மரத்தடியில ஆரு நிக்கா? மஞ்சச் சேல. எனக்குத் தூரத்துல தெரியாது. வயிறு தெரியுதா? தெரியுதுல்லா? அவதான்! இந்த வெயில்ல என்னத்துக்கு வந்து நிக்கா? கோட்டி பிடிச்சவ. ஆத்தாக்காரி எப்பிடி விட்டா? கொடகூட இல்ல. நான் எறங்கி நாலு கேள்வி கேக்கேன் பாருங்க.

பாருங்க, பாருங்க, கை காட்டுதா. சிரிக்கா. ஏ யக்கா, அவ கழுத்து... கொஞ்சம் எறங்குன மாதிரி இல்ல? எனக்குத்தான் அப்பிடித் தெரியுதா? இல்ல, எறங்கித்தான் இருக்கு. மொகம் தெளிஞ்சிருக்கு. என் சாயல் போயிட்டே. இனி கோயில்ல ஒருத்தியும் என் மவளான்னு கேக்க மாட்டா.

கேக்காண்டாம். போவட்டும்.

வாரேம்ப்பா தம்பி, விசிலு ஊதாத, முட்டி வலியோட எறங்க வேண்டாமா? யக்கா, நான் வாரேன். பையா? பை இங்கனயே இருக்கட்டும். இல்ல, மறக்கல. கனக்கு யக்கா, முட்டியோட இத எங்க தூக்கிட்டு நடக்க? நீங்க வச்சுக்கிடுங்க. கையில தர மாட்டேன், சீட்டுலதான் வச்சிருக்கேன், நீங்களா எடுத்துக்கிடுங்க. வெள்ளிக்கிழமதான், தெரியும், தெரியாமயா இருக்கேன்? விலக்குல கடை ஒண்ணு இருக்கும்லா, அவளையே கூட்டிட்டுப் போயி அவ கையாலயே எடுக்கச் சொல்லுதேன். நான் மாறிட்டேன்னு நெனச்சிராதிய. பை கனக்கு, அம்புட்டுதான்.

ஏ பொன்மலரு, வெயில்ல நிக்காதட்டி, நெழலுக்குப் போ! இந்தா வாரேன்!

யக்கா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அத திருஷ்டி சுத்திப் போடுங்க, மீன் கழுவுங்க, என்ன வேணா செய்யுங்க. உங்க வீட்ல மாசமா இருக்க பிள்ள யாரும் இருந்தா, கொழம்புல மட்டும் போட்டுறாதிய.